பிரீசரில் இருக்கும் மீனும் கணக்கில் சேருமா? ஒன்ராறியோ மீன்பிடி விதிகளும் நம்மவர் நடைமுறையும்

கேள்வி: ஸ்காபரோ தூண்டில்

அனைவருக்கும் வணக்கம். மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை கவார்த்தா ஏரிகளில் வோல்ஐ பிடிக்கும் காலம் தொடங்குகிறது. (இங்கு நெடுங்காலம் இருப்பவர்கள் பிக்கரல் என்று சொல்வதும் இந்த மீனைத்தான்.) எங்கள் பழைய மாணவர் சங்கக் குடும்பங்கள் வழமைபோல ரைஸ் ஏரிக்குப் போக ஆயத்தமாகின்றன. ஒழுங்கு செய்யும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்திருப்பதால், பல காலமாக மனதை உறுத்தும் ஒரு விடயத்தை இங்கே கேட்கிறேன்.

எங்களோடு வருபவர்கள் எல்லோரும் சட்டத்தை மதித்து வாழ்பவர்கள். வரியை உரிய காலத்தில் கட்டுவார்கள். பாடசாலை வலயத்தில் வாகனத்தின் வேகத்தைக் குறைப்பார்கள். ஆனால் ஏரிக்கரைக்கு வந்ததும் அந்த ஒழுங்கு தளர்ந்துவிடுகிறது. மாகாணத்தின் இருபது மீன்பிடி வலயங்களில் ரைஸ் ஏரி அடங்கும் 17ஆம் வலயத்தில், ஸ்போர்ட் லைசென்ஸ் வைத்திருப்பவர் நான்கு வோல்ஐ வைத்துக்கொள்ளலாம்; விலை குறைந்த கொன்சர்வேஷன் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு ஒன்றுதான். மீனின் நீளம் 35 சென்ரிமீற்றருக்கும் 50 சென்ரிமீற்றருக்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த எண்கள் எங்கள் குழுவில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வழி கண்டுபிடிக்கிறார்கள்.

சென்ற வசந்தகாலத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எழுபது வயதைக் கடந்த ஒரு தந்தையை மடக்குக் கதிரையில் இருத்தி, முழங்காலில் போர்வையும் போட்டு, அவருக்குப் பக்கத்தில் ஒரு தூண்டிலை ஊன்றியிருந்தார் மகன். 65 வயதான கனடா வாசிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வயதைக் காட்டும் அரச அடையாள அட்டை போதும். பெரியவர் மதியம் முழுவதும் தூண்டிலைத் தொடவே இல்லை. மகன் தன் நான்கைப் பிடித்து முடித்த பிறகு அடுத்த நான்கையும் தானே இழுத்து, "இது அப்பாவின் கணக்கு" என்று பெட்டிக்குள் போட்டார். பெரியவரின் முகத்தில் சங்கடம் தெரிந்தது. ஆனால் பிள்ளைக்கு முன்னால் அவர் எதுவும் சொல்லவில்லை.

அடுத்தது பிரீசர். சனிக்கிழமை நான்கு, ஞாயிற்றுக்கிழமை நான்கு, அடுத்த கிழமை நான்கு என்று சேர்த்து வைப்பதில் தவறே இல்லை என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையில் பிரீசரும் அடங்கும் என்று சொன்னால், "வீட்டுக்குள் வந்து யார் எண்ணப்போகிறார்கள்?" என்ற பதில் வருகிறது.

என் கேள்விகள் இவைதான். இந்த விதிகளை நீங்கள் நியாயமானவை என்று கருதுகிறீர்களா? எங்களைப் போன்ற குழுவில் மனத்தாங்கல் இல்லாமல் இவற்றைக் கடைப்பிடிக்கச் செய்வது எப்படி? யாரேனும் தொடர்ந்து மீறினால் மாகாண இயற்கை வள அமைச்சுக்கு அறிவிப்பது சரியா?

பதில் 1: பருத்தித்துறை மைந்தன்

தம்பி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. நான் விதிகளை மீறுபவன் அல்லன். ஆனால் மீறுபவர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது என்பதால், அதை அவர்கள் பக்கத்தில் நின்று சொல்லப் பார்க்கிறேன்.

ஊரில் தூண்டில் போட்டவன் தன் மீனை யாருக்கும் எண்ணிக் காட்டியதில்லை. அதற்காக அங்கே ஒழுங்கே இருக்கவில்லை என்று எவரும் நினைக்க வேண்டாம். கரைவலைக்குப் "பாடு" என்ற முறை இருந்தது. இன்று யார் வலை வளைப்பது, நாளை யார் வளைப்பது என்பதைத் தொழில் செய்பவர்களே கூடித் தீர்மானித்தார்கள், அதை மீறியவனைக் கரை முழுவதும் கேள்வி கேட்டது. அந்த விதி எங்கள் கண்முன்னே உருவானது. அதனால் ஒருவரும் அதை வெளியிலிருந்து வந்த கட்டளையாக எண்ணவில்லை. இங்கே இருப்பதோ, இருபது வலயங்களுக்கும் தனித்தனி அட்டவணைகள் கொண்ட, நூறு பக்கங்களைத் தாண்டும் ஒரு சுருக்க நூல். அதுவும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான். ஒரு பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் மீன்பிடிக்கக் கூடாத சரணாலயம். மொழி தட்டுத் தடுமாறும் என் வயதுக்காரர் ஒருவர் அதைப் படித்து ஒழுகுவார் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் குறைவு.

இன்னொன்று. நாங்கள் மீனை உண்பதற்காகப் பிடிக்கிறோம். உயிருள்ள மீனைக் கொளுவியில் (தூண்டில் முள்ளில்) மாட்டி இழுத்து, படம் எடுத்து, பிறகு நீரில் விடுவதை ஒரு பொழுதுபோக்காக ஏற்க எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. 51 சென்ரிமீற்றர் வோல்ஐ ஒன்று கொளுவியை விழுங்கி இரத்தம் சிந்தி வருகிறது. அதையும் விட்டுவிடு என்கிறது விதி. அது பிழைக்காது என்பது எனக்குத் தெரியும். உண்ணத்தக்க மீனை வீணாக்குவது குற்றம் என்று சொல்லும் அதே சட்டம், அந்த மீனை விடச் சொல்கிறது. அளவு விதி மீனைக் காப்பதற்கு என்றால், சாகும் மீனை விடுவதால் யாருக்கு என்ன பயன்?

தந்தையின் பெயரில் பிடிப்பது தவறுதான், அதற்கு நான் வாதாட மாட்டேன். ஆனால் பிரீசர் விதி எனக்கும் ஒப்பவில்லை. மே மாதத்தில் நேர்மையாகப் பிடித்த நான்கை ஆடிப் பிறப்புக்கு என்று எடுத்து வைத்திருப்பவன், ஆனி மாதத்தில் ஏரிக்குப் போகக் கூடாதா?

பதில் 2: கிங்ஸ்ரன் நீர்

பருத்தித்துறை ஐயா, உங்கள் கேள்விகள் இரண்டும் மதிக்கத்தக்கவை. நான் மீன்வளம் படித்தவள் என்பதால் எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த 35–50 எல்லை. 35க்குக் கீழுள்ள மீனை விடுவது, அது ஒருமுறையேனும் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்காக. 50க்கு மேலுள்ளதை விடுவது, அந்த அளவை எட்டும் வோல்ஐகளில் பெரும்பாலானவை பெண் மீன்கள் என்பதற்காக. பெண் வோல்ஐ ஆண் மீனைவிடப் பெரிதாக வளரும். உடல் பெருக்கப் பெருக்க முட்டைகளின் எண்ணிக்கையும் பெருகும். சிறியதை விட்டுப் பெரியதை எடுப்பதுதான் எங்கள் இயல்பான வழக்கம் என்பதால், மேல் எல்லை பலருக்குத் தலைகீழாகத் தெரிகிறது. கொளுவியை விழுங்கிய மீனைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான், அப்படி விடப்படும் மீன்களில் ஒரு பங்கு இறந்துபோகும். ஆனாலும் "சாகப்போகிறது, அதனால் வைத்துக்கொள்கிறேன்" என்ற விலக்கு ஒன்றைக் கொடுத்தால், கரைக்கு வரும் ஒவ்வொரு பெரிய மீனும் சாகப்போகும் மீனாகிவிடும். எந்த உத்தியோகத்தராலும் அதைச் சரிபார்க்க முடியாது. கொளுவி ஆழமாகப் போயிருந்தால் அதைப் பிடுங்காமல் தூண்டில் நரம்பை (நூலை) மீனின் வாயருகே வெட்டிவிடுங்கள், மீனுக்கு அதுவே கூடுதல் வாய்ப்பு. புழுவோடு சாதாரணக் கொளுவியைப் பாவிப்பதைவிட வட்டக் கொளுவி பாவித்தால் விழுங்குவதே குறையும்.

பாஸ் மீனின் காலம் ஜூன் மாதப் பிற்பகுதி வரை மூடியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆண் பாஸ் ஆழம் குறைந்த கரையோரத்தில் வாலால் சரளைக்கல்லைத் துப்புரவாக்கிக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டு விலகிய பிறகு, குஞ்சுகள் தாமாக நீந்தும் வரை ஆண் மீனே காவல் நிற்கும். கிங்ஸ்ரனுக்கு வடக்கே ஒபினிகன் ஏரிக்கரையில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் இருக்கிறது. கூடு காக்கும் இந்தப் பாஸ்களைப் பற்றி அங்கே பல ஆண்டுகள் ஆய்வு நடந்திருக்கிறது. காவல் மீனைக் கூட்டைவிட்டுச் சில நிமிடங்கள் இழுத்தெடுத்தால் போதும், காத்திருக்கும் புளூகில், பேர்ச், கோபி போன்ற சிறு மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். அதனால்தான், விட்டுவிடும் எண்ணத்தோடு கூட, காலம் திறக்காத மீனைக் குறிவைத்துப் பிடிப்பது இங்கே குற்றம். மே மாதத்தில் வோல்ஐயைத் தேடும்போது பாஸ் தற்செயலாகக் கொளுவினால் உடனே விட வேண்டும். அது கூட்டுக் கரை என்று தெரிந்தால் அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும்.

இனி, ஐயாவுக்கு ஒப்பாத பிரீசர். தினசரி எல்லை மட்டும் இருந்தால், ஏரிக்கரையில் வசிப்பவர் ஒருவர் நாள்தோறும் நான்கு எடுக்கலாம், அதைச் சட்டம் தடுக்காது. வைத்திருக்கும் எல்லை என்பது, கையில் உள்ளது, வாகனத்தில் உள்ளது, பிரீசரில் உள்ளது எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணப்படுகிறது. உண்டு முடித்த பிறகு பிடி என்பதுதான் அதன் பொருள். ஆடிப் பிறப்புக்கு எடுத்து வைத்த நான்கு இருக்கும்போதும் ஆனியில் ஏரிக்குப் போகலாம். பிடிக்கும் வோல்ஐயை விட வேண்டும், அவ்வளவுதான். அல்லது பேர்ச்சையோ சன்பிஷையோ நாடலாம். அவற்றின் எல்லைகள் மிகத் தாராளமானவை. எங்கள் குழம்புக்கும் அவை குறைந்தவை அல்ல.

ஒருவரும் இங்கே குறிப்பிடாத இன்னொரு மீறல் உண்டு, நம்மவர்களிடம் நான் அடிக்கடி காண்பது. கரையிலேயே மீனைத் துப்புரவாக்கி, கறிக்கு வெட்டி, மஞ்சளும் உப்பும் தடவிப் பையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுவார்கள். அளவு எல்லை உள்ள மீனை, அங்கேயே உடனே சமைத்து உண்பதற்காக அன்றி, வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் அளந்து பார்க்க முடியாத நிலையில் வைத்திருக்கக் கூடாது. என்ன இனம், எத்தனை, எவ்வளவு நீளம் என்பது பையைத் திறந்ததும் தெரிய வேண்டும். இதைச் செய்பவர்களில் எவருக்கும் ஏமாற்றும் நோக்கம் இல்லை. வாகனம் நாறாமல் இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். ஆயினும் நெடுஞ்சாலையில் மறித்தால் விளக்கம் சொல்வது கடினம். முழு மீனாக ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, வீட்டில் வெட்டுங்கள்.

பதில் 3: மார்க்கம் வாசி

நான் அறிவிப்பது பற்றிய கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது எங்கள் சமூகத்துக்கு எளிதான கேள்வி அன்று.

2007ஆம் ஆண்டு சிம்கோ ஏரிக்கரையிலும் தென் ஒன்ராறியோவின் வேறு சில இடங்களிலும் ஆசியத் தோற்றம் கொண்ட தூண்டில்காரர்கள் தாக்கப்பட்டார்கள். இறங்குதுறைகளிலும் பாலங்களிலும் இரவு வேளையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களை நீரில் தள்ளினார்கள், தூண்டில்களை உடைத்தார்கள். ஒரு சம்பவத்தில் வாகனத்தில் துரத்தப்பட்டு ஓர் இளைஞர் மிகக் கடுமையாகக் காயமடைந்தார். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரணை நடத்தி 2008இல் அறிக்கை வெளியிட்டது. அப்போது பொதுவெளியில் பலமுறை சொல்லப்பட்ட நியாயம், "ஆசியர்கள் விதிகளை மதிப்பதில்லை, எல்லைக்கு மேல் எடுக்கிறார்கள்" என்பதுதான். ஒருவரின் தோற்றத்தை வைத்து அவரை மீன் திருடன் என்று எண்ணுவது இனவாத முன்முடிவு என்பதையும், சட்டவிரோத மீன்பிடி பற்றிய கவலை எதுவாக இருந்தாலும் அது தாக்குதலுக்கு நியாயமாகாது என்பதையும் ஆணைக்குழு தெளிவாக எடுத்துரைத்தது.

இதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, நம்மவர் ஒருவரைப் பற்றித் தொலைபேசியில் அறிவிப்பது காட்டிக்கொடுப்பது போலத் தோன்றும். எனக்கும் அந்த உணர்வு உண்டு. ஆனால் நான் வேறு முடிவுக்கு வந்திருக்கிறேன். இலையுதிர் காலத்தில் போர்ட் ஹோப்பில் கனரஸ்கா ஆற்றில் சால்மன் ஏறிவரும்போது, முட்டைக்காக மீனின் வயிற்றிலும் முதுகிலும் கொளுவியை அடித்து இழுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வாயில் அன்றி வேறு இடத்தில் கொளுவிய மீனை உடனே விட வேண்டும் என்பது விதி. அவர்களில் எல்லா நிறத்தவரும் இருந்தார்கள். அப்படி வேண்டுமென்றே, திட்டமிட்டு, பெருந்தொகையாக எடுப்பவரை, அவர் எவராக இருந்தாலும், அறிவிப்பேன். முதன்முறை தூண்டில் பிடித்த ஒருவர் அரைச் சென்ரிமீற்றர் குறைந்த மீனை வைத்திருந்தால் அருகில் போய்ப் பேசுவேன். அவரைப் பற்றி அறிவிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உத்தியோகத்தர்கள் வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பதையும் உங்கள் குழுவுக்குச் சொல்லி வையுங்கள். மீன்பிடி இடத்தில் லைசென்ஸைக் கேட்கவும், மீன் பெட்டியையும் வாகனத்தையும் சோதிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. குடியிருக்கும் வீட்டுக்குள் அப்படி நுழைய முடியாது, அதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும். ஆகவே பிரீசரை எண்ண எவரும் வரமாட்டார்கள் என்று உங்கள் நண்பர்கள் சொல்வது ஏறக்குறைய உண்மை. அதே காரணத்தால்தான், விதியின் பொருள் விளங்கியவர்கள் மட்டுமே அதைக் கடைப்பிடிக்கிறார்கள், தண்டத்துக்குப் பயந்தவர்கள் கடைப்பிடிப்பதில்லை. குற்றம் நிறுவப்பட்டால் தண்டப்பணம் மட்டுமன்றி, தூண்டிலையும் படகையும் பறிமுதல் செய்யவும் லைசென்ஸை நிறுத்தி வைக்கவும் நீதிமன்றத்தால் முடியும்.

பதில் 4: பனித்துளை

நான் பெரும்பாலும் குளிர்காலத்தில் சிம்கோ ஏரியில் பேர்ச் பிடிப்பவன். அங்கே நம் இளைஞர்கள் மீறுவது பெரும்பாலும் எண்ணிக்கையை அன்று, வேறு இரண்டு விதிகளை. பனியில் ஒருவருக்கு இரண்டு தூண்டில்கள் அனுமதி. ஆனால் 60 மீற்றருக்குள், தூண்டில் மறைவின்றித் தெரியும் இடத்தில் அவர் இருக்க வேண்டும். குளிருக்கு வாகனத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டு, தூரத்தில் தூண்டிலை விட்டுவைப்பது குற்றம்.

மற்றது இரை மீன், அதாவது கொளுவியில் கோத்துப் போடும் சிறு மீன். 2022 முதல் மாகாணம் நான்கு இரை வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு வலயத்தில் நாமே பிடித்த இரை மீனை வேறு வலயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. மிஞ்சிய இரையையும் வாளி நீரையும் ஏரியில் கொட்டவோ, கரையிலிருந்து 30 மீற்றருக்குள் ஊற்றவோ கூடாது. வெளியிலிருந்து வந்த உருண்டைக் கோபி மீன் எப்படி ஏரிக்கு ஏரி பரவியது என்று பார்த்தவர்கள் இதை அலட்சியம் செய்ய மாட்டார்கள். உங்கள் குழுவில் சிறுவர்கள் வருகிறார்கள் என்றால் இதை அவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். மீதி மீனை "வீட்டுக்குப் போ" என்று ஏரியில் விடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

பதில் 5: பருத்தித்துறை மைந்தன்

மகள் கிங்ஸ்ரன் நீர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உண்டு முடித்த பிறகு பிடி என்று எவரும் எனக்கு இதுவரை விளக்கியதில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் அம்மாக்களுக்கே விளங்கும். சாகும் மீனைப் பற்றிய என் வருத்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் விலக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை மறுக்க முடியவில்லை.

விலாங்கு பற்றியும் ஒரு சொல். ஒன்ராறியோ ஏரியிலும் சென் லோரன்ஸ் ஆற்றிலும் விலாங்கு கொளுவினால் நம் முதியவர்கள் ஊர் நினைவில் மகிழ்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அது இந்த மாகாணத்தில் அழியும் நிலையில் உள்ள உயிரினமாகப் பட்டியலிடப்பட்டது, பிடிப்பது முழுதாகத் தடை. பெரிய அணைகளைத் தாண்டி மேலே ஏறவும் கடலுக்குத் திரும்பவும் முடியாமல் அது குறைந்துபோனது. இதை ஒவ்வொரு முதியவருக்கும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்: ஸ்காபரோ தூண்டில்

எல்லோருக்கும் நன்றி. நான் செய்ய நினைப்பதைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள்.

புறப்படுவதற்கு முதல் கிழமை, ஒவ்வொரு குடும்பமும் தன் பிரீசரில் எத்தனை வோல்ஐ இருக்கிறது என்பதைக் குழுவில் எழுத வேண்டும் என்று கேட்கப்போகிறேன். கண்காணிப்பதற்காக அல்ல, யார் அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம், யார் பிடித்து விட வேண்டும் என்பது அவரவருக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கட்டும் என்பதற்காக. லைசென்ஸ் வாங்கும்போதும் கேட்டு வாங்கச் சொல்வேன்: ஓராண்டுக் கொன்சர்வேஷன் லைசென்ஸ் 15.07 டொலர், ஸ்போர்ட் 26.57 டொலர், அதோடு லைசென்ஸுக்கு வேண்டிய மூன்றாண்டு அவுட்டோர்ஸ் அடையாள அட்டை 8.57 டொலர், இவற்றுக்கு மேல் வரி. பதினொன்றரை டொலரை மிச்சம் பிடித்துவிட்டு நான்கு மீனோடு பிடிபடுவதைவிட, தொடக்கத்திலேயே நான்குக்கு உரியதை வாங்குவது நல்லது. அந்தப் பணம் மீன்வளப் பணிகளுக்கான தனிக் கணக்குக்குத்தான் போகிறது.

அந்தத் தந்தையின் மகனோடு நான் தனியாகப் பேசுகிறேன். மீன் யார் இழுக்கிறாரோ அவருடைய கணக்கு என்பதை மட்டும் சொல்வேன். பெரியவருக்குக் கையில் கனமில்லாத தூண்டில் ஒன்றைக் கொடுத்து, கரையோரத்தில் சன்பிஷ் பிடிக்க உதவுவதாகவும் சொல்வேன். அவர் விரும்புவது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கிங்ஸ்ரன் நீர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். 17ஆம் வலயத்துக்கு மட்டும், வோல்ஐ, பாஸ், பேர்ச், விலாங்கு ஆகியவற்றின் விதியையும் காரணத்தையும் சேர்த்து, ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதித் தர முடியுமா? அளக்கும் முறையையும் சேருங்கள். வால் நுனியைப் பிரித்து வைத்து அளப்பதா, சேர்த்து வைத்து அளப்பதா என்று கரையில் ஒவ்வொரு முறையும் சச்சரவு வருகிறது.

பதில் 6: கிங்ஸ்ரன் நீர்

எழுதித் தருகிறேன். அளக்கும் முறையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மீனின் வாயை மூடி, வாலின் இரு மடல்களையும் ஒன்றாகச் சேர்த்து, மிக நீளமாக வரும்படி அளக்க வேண்டும். ஆகவே 35க்கு மயிரிழை குறைகிறது என்று நீங்கள் விட்ட சில மீன்கள் உரிய அளவில் இருந்திருக்கவும் கூடும். அதேபோல 50ஐத் தொட்டுக்கொண்டிருக்கும் மீன் மடல்களைச் சேர்த்ததும் எல்லையைத் தாண்டிவிடவும் கூடும். நாடாவை வளைந்த உடலின் மேல் போடாமல், மட்டமான பலகையில் மீனைக் கிடத்தி அளக்கச் சொல்லுங்கள். பலகையை முதலில் நனைத்துக்கொண்டால் மீனின் வழுவழுப்புப் படலம் உரியாது.

குறிப்பின் தலைப்பில் ஆண்டைப் பெரிதாக எழுதுவேன். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். பருவத்தின் நடுவிலும் மாற்றம் வருவதுண்டு. புறப்படும் முன் அமைச்சின் இணையதளத்தில் 17ஆம் வலயப் பக்கத்தை ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அந்தப் பொறுப்பை ஆங்கிலம் நன்கு படிக்கும் ஓர் இளையவரிடம் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். வரைவை இந்த வாரத்துக்குள் இங்கே இடுகிறேன். பருத்தித்துறை ஐயா அதைப் படித்து, வயதானவர்களுக்கு விளங்காத வரிகளைச் சுட்டிக் காட்டினால் திருத்துவேன்.